முதல் வேலை எங்கே? தென்சென்னைப் புறநகரும் வீடியோ கேம் வடிவமைப்பாளரும்

தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்குளத்தூர் வரை, கிழக்கே கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரை என்று ஒரு கோடு போட்டால், கம்ப்யூட்டர் படித்தவர்கள் தெருவுக்குத் தெரு குடியிருக்கும் நிலம் அதற்குள் வந்துவிடும். 1937-ல் சென்னை கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தபோது இந்தப் பக்கத்தின் கல்வி வரலாறு தொடங்கியது. ஆனால் பகுதியின் முகத்தை மாற்றியது 1980-களின் நடுப்பகுதி. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்ததும் 1984-ல் வண்டலூரில் கிரசென்ட், சேலையூரில் பாரத், 1985-ல் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். என வரிசையாகக் கல்லூரிகள் எழுந்தன. 1995-ல் மேற்குத் தாம்பரத்தில் சாய்ராம் வந்தது. அதே 1984-ல்தான் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகமும் உருவானது.

நாற்பது வருடமாக இந்தக் கல்லூரிகள் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அப்படியானால் இங்கிருந்து ஒருவர் வீடியோ கேம் வடிவமைப்பாளராக ஆவதற்கு வழி என்ன? பெயர் பெற்ற வடிவமைப்பாளர்களின் இளமைக்காலத்தைப் படிக்கும்போதெல்லாம், நாம் தேடுகிற விடை சிறுவயதில் இல்லை, முதல் வேலையில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை இரண்டு தமிழர்களின் பாதையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு முன் இந்தத் தொழில் என்ன என்பதில் தெளிவு வேண்டும்.

கேம் வடிவமைப்பாளர் என்றதும் படம் வரைபவரையோ புரோகிராம் எழுதுபவரையோ நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் வேறு. வடிவமைப்பாளர் கையில் இருப்பது விதி. ஆடுபவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, செய்தால் என்ன கிடைக்கும், தோற்றால் எதை இழப்பார், எந்த இடத்தில் சலித்து எழுந்துபோவார் என்று யோசிப்பது அவர் வேலை.

கோயில் மண்டபத் தரையிலும் ஊர்ப்புறப் பாறைகளிலும் கீறப்பட்டிருக்கும் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பரவலாக ஆடும் முறையில் புலி 3, ஆடு 15. ஆடுகள் ஒவ்வொன்றாகக் கட்டத்தில் இறங்கும். எல்லா ஆடும் இறங்கி முடியும்வரை ஏற்கெனவே இறங்கிய ஆடு நகர முடியாது. புலி பக்கத்தில் நிற்கும் ஆட்டைத் தாண்டி அடுத்த காலி முனையில் குதித்தால் அந்த ஆடு போச்சு. ஆடு யாரையும் வெட்டாது, வழியை மறிக்க மட்டும் முடியும். மூன்று புலியும் நகர இடமில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. இரண்டு பக்கமும் சமமான படை கிடையாது, சமமான திறமையும் கிடையாது, ஆனாலும் ஆட்டம் நியாயமாக இருக்கிறது. ஆட்டைக் குறைத்துக்கொண்டே போனால் மறிக்க ஆளில்லாமல் ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிடும். கூட்டிக்கொண்டே போனால் புலிக்கு ஆடத் தோன்றாது. இடையில் இருக்கும் அந்த எண்ணை யாரோ ஆடிப் பார்த்து, தோற்று, மாற்றி, மறுபடி ஆடிப் பார்த்துத்தான் பிடித்திருக்க வேண்டும். அவர் பெயர் நமக்குத் தெரியாது, ஆனால் அவர் செய்தது வடிவமைப்பாளர் வேலை. இன்றைய ஸ்டூடியோக்களில் இதற்கு பேலன்சிங் என்று பெயர், பெரும்பாலும் எக்செல் தாளில் நடக்கிறது. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-ல் தொடங்கிய ‘கிரீடா’ பல்லாங்குழியையும் ஆடுபுலியையும் மறுபடி வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதை ஒரு பண்பாட்டுச் சேவையாக மட்டும் நான் பார்க்கவில்லை. விதி என்றால் என்ன என்று ஒரு குழந்தைக்குக் காட்டித்தர இதைவிட எளிய கருவி நம்மிடம் இல்லை.

இனி இளமைக்காலம். வடிவமைப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் ஒரு சிறுவயதுக் கதை இருக்கும். மிகப் புகழ்பெற்றது ஷிகெரு மியாமோட்டோவின் கதை. ஜப்பானில் சொனோபே என்ற சிற்றூரில் 1952-ல் பிறந்தவர், வீட்டுக்கு அருகில் காட்டிலும் குகையிலும் சுற்றித் திரிந்தார், அந்த அனுபவம்தான் 1986-ல் வந்த ‘செல்டா’வாக மாறியது என்பார்கள். கதை பொய்யில்லை, அவரே சொன்னதுதான். ஆனால் அதன் இன்னொரு பாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. தொழில்துறை வடிவமைப்பு படித்த மியாமோட்டோ 1977-ல் நின்டெண்டோவில் சேர்ந்தார். கம்பெனிக்கு ஒரு நெருக்கடி வந்தது. அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கிக் கிடந்த ஆர்கேடு இயந்திரங்களில் ஓட ஒரு புது கேம் வேண்டும் என்றார்கள், அந்த வேலை அவர் கைக்கு வந்தது. 1981-ல் ‘டாங்கி காங்’ பிறந்தது. குகையில் விளையாடிய சிறுவர்கள் ஜப்பான் முழுக்க இருந்திருப்பார்கள். அந்த வேலை கைக்கு வந்தவர் ஒருவர்தான்.

வில் ரைட்டின் கதை இன்னும் தெளிவானது. 1984-ல் ‘ரெய்டு ஆன் பங்கலிங் பே’ என்று குண்டுபோடும் கேம் ஒன்றைச் செய்தார். அதில் தீவுகளை வரைவதற்காகத் தனக்கென்று ஒரு கருவி எழுதிக்கொண்டார். கேமை ஆடுவதைவிட அந்தக் கருவியில் சாலையும் கட்டடமும் வைத்துப் பார்ப்பது அவருக்கு அதிகம் பிடித்துப்போனது. அதிலிருந்து வந்ததுதான் 1989-ன் ‘சிம்சிட்டி’. முதல் கேமை முடித்திருக்காவிட்டால் இரண்டாவது அவருக்குத் தோன்றியே இருக்காது.

நம் புறநகரின் சிறுவயதும் ஏழ்மையானதாக இருக்கவில்லை. 1990-களில் வளர்ந்தவர்களுக்கு டிவியில் மாட்டி ஆடும் கேம் தெரியும். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக லேபிளில் போட்டிருக்கும், உள்ளே பத்து இருபது கேம்தான் மாறி மாறி வரும். மரியோவும் கான்ட்ராவும் அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தன. பிறகு பிரவுசிங் சென்டர் காலம். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபியின் ஐ-வே மையங்கள் ஊரெங்கும் பரவின. மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்காரும் தடுப்புப் பலகைகளுக்குப் பின்னால் மெயில் பார்க்க வந்தவர்களும் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட வந்தவர்களும் அருகருகே இருந்தார்கள். ரிச்சி தெருவில் வாங்கிய சி.டி.யில் ‘ரோடு ரேஷ்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’, ‘வைஸ் சிட்டி’ எல்லாம் கைமாறின. ஆடுவதில் நம் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

ஆனால் யார் ஆடினார்கள் என்றும் கேட்க வேண்டும். பிரவுசிங் சென்டரின் கேம் வரிசை பெரும்பாலும் பையன்களின் இடமாக இருந்தது. மாலை இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்பிள்ளைக்கு, அதுவும் ஹாஸ்டல் நேரக் கட்டுப்பாட்டில் இருந்தவளுக்கு, அந்த நாற்காலி எளிதாகக் கிடைக்கவில்லை. நிறைய ஆடினால்தான் கேம் செய்ய வரும் என்பது உண்மையானால் இந்தத் தொழிலுக்குப் பெண்கள் வந்திருக்கவே முடியாது. வந்திருக்கிறார்கள்.

பூர்ணிமா சீதாராமன் என்ற பெயரைத் தமிழ் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட்டிருக்க வேண்டிய பெயர். ‘விமன் இன் கேம்ஸ்’ அமைப்பின் ஹால் ஆஃப் ஃபேமில் 2020-ல் இடம்பெற்ற முதல் இந்தியர் அவர். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வெளியிடும் ‘பிரேக்த்ரூ இந்தியா’ பட்டியலிலும் அவர் பெயர் உண்டு. பெங்களூரில் ஜிங்கா நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பொறியியல் படித்து, கேம் புரோகிராமர் வேலையில் தொடங்கி, அங்கிருந்து வடிவமைப்புக்கு மாறினார். அவர் தொழிலுக்கு வந்த 2000-களின் நடுவில் இந்தியாவில் கேம் வடிவமைப்பு கற்றுத்தரும் படிப்பு என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் இல்லை. அவர் கற்றது வேலையில். அந்த வேலை இருந்த ஊர்களில் முக்கியமானது மும்பை.

மும்பையில் விஷால் கோண்டல் 1999-ல் தொடங்கிய இண்டியாகேம்ஸ், செல்போன் கேம்களில் நாட்டின் முன்னணி நிறுவனமாக வளர்ந்தது. சீனாவின் டாம் ஆன்லைன், அடுத்து யு.டி.வி., கடைசியில் டிஸ்னி என்று அதன் உடைமை கைமாறிக்கொண்டே இருந்தது. அங்கே பூர்ணிமா வேலை செய்த கேம்களில் ஒன்று ‘பயோஷாக்’கின் கைப்பேசி வடிவம்.

இதன் அருமை புரிய அந்தக் கால போனை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தொடுதிரை கிடையாது, எண் பட்டன்தான். நோக்கியாவின் பழைய சீரிஸ் 40 போன்கள் பலவற்றில் ஜாவா கேம் ஒன்று மொத்தமே 64 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். படம், ஒலி, எழுத்து, புரோகிராம் எல்லாம் அதற்குள். இன்று வாட்ஸப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்று அதைவிடப் பெரிது. திரை 128-க்கு 128 புள்ளி. இன்னொரு மாடலில் 176-க்கு 208, வேறொன்றில் 240-க்கு 320. ஒரே கேமை நூற்றுக்கணக்கான மாடல்களுக்குத் தனித்தனியாகத் தைத்துக் கொடுக்க வேண்டும். போர்ட்டிங் என்ற இந்த வேலையில்தான் இந்திய ஸ்டூடியோக்கள் பலவும் வயிறு வளர்த்தன. மூல ‘பயோஷாக்’ 2007-ல் கம்ப்யூட்டருக்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. கடலுக்கடியில் பாழடைந்து கிடக்கும் ராப்சர் நகரம், ஒழுகும் தண்ணீர், இருட்டில் கேட்கும் குரல்கள், அதன் முழு பலமும் சூழலில். அதை எண் பட்டன் போனுக்கு இறக்கு என்று சொன்னால் சூழலில் பெரும்பகுதியைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்க முடியும். எது போனாலும் இது ‘பயோஷாக்’தான் என்று ஆடுபவர் நம்ப எதை விடக் கூடாது? எந்த பட்டனுக்கு எந்தச் செயல்? பஸ்ஸில் நின்றுகொண்டு ஒற்றைக் கட்டைவிரலால் ஆடுபவர் எத்தனை நிமிடத்தில் ஒரு கட்டத்தை முடித்தாக வேண்டும்? வடிவமைப்புக்கு இதைவிடக் கறாரான பள்ளிக்கூடம் இருக்க முடியாது. வசதி பெருத்த காலத்தில் தொடங்குகிறவர்கள் எதை வெட்டுவது என்பதைத் தாமதமாகத்தான் கற்கிறார்கள். அந்தத் தலைமுறை முதல் நாளிலிருந்தே வெட்டக் கற்றது.

இந்தப் பாதையில் ஜிங்கா அடுத்த காலகட்டம். 2009-ல் ஃபேஸ்புக்கில் வந்த ‘ஃபார்ம்வில்’ மூலம் உலகப் பெயர் எடுத்த நிறுவனம் 2010-ல் பெங்களூரில் அலுவலகம் திறந்தது. இங்கே வடிவமைப்பாளர் முன் வந்த கேள்வி வேறு வகையானது. கேம் இலவசம். வருமானம் ஆடுபவர் திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. ‘ஃபார்ம்வில்’லில் விதைத்த பயிரை நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் வாடிவிடும். அந்த ஒரு விதிதான் கோடிக்கணக்கான பேரை அலுவலக நேரத்திலும் எட்டிப்பார்க்க வைத்தது. விதி எழுதுபவரின் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி. மனிதரின் பழக்கத்தைத் தொடும் இந்த அதிகாரத்தை நம் கல்லூரிகள் பெரும்பாலும் ஒழுக்கக் கேள்வியாக வைத்துப் பாடம் நடத்தாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மருத்துவம் படிப்பவருக்கும் சட்டம் படிப்பவருக்கும் நெறிமுறைப் பாடம் உண்டு. தினமும் கோடிப் பேரின் கவனத்தைக் கையாளப் போகிறவருக்கு வேண்டாமா?

நம் கேள்விக்குத் திரும்புவோம். வேலை ஏன் மும்பையிலும் பெங்களூரிலும் இருந்தது, ஏன் தாம்பரத்தில் இல்லை?

மும்பையில் சினிமா முதலீடும் டெலிகாம் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. செல்போன் கேமை விற்றதே டெலிகாம் கம்பெனிகள்தான். பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997-லேயே துருவா இன்டராக்டிவைத் தொடங்கிவிட்டார். வெளிநாட்டு கேம்களுக்குக் கலைவேலை செய்து கொடுத்து வளர்ந்த அந்த நிறுவனம் 2017-ல் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் கைக்கும், 2019-ல் ராக்ஸ்டார் கைக்கும் போனது. முதலில் வந்த ஒரு நிறுவனம் இருபது வருடம் நின்றால் அதிலிருந்து வெளியேறுகிறவர்கள் அதே ஊரில் இன்னும் பத்து நிறுவனம் தொடங்குகிறார்கள். ஊருக்குத் தொழில் இப்படித்தான் ஒட்டுகிறது.

சென்னையிலும் ஒட்டியது, வேறொரு தொழில். காக்னிசன்ட் 1994-ல் சென்னையில்தான் உருவானது. மெப்ஸிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் சிறுசேரியிலும் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் எழுந்த ஐ.டி. வளாகங்கள் பெரும்பாலும் மென்பொருள் சேவைக்கானவை. வங்கிக்கும் காப்பீட்டுக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுக்கும் தொழில் அது. அதில் இழிவு ஒன்றும் இல்லை. எத்தனையோ குடும்பங்களை ஒரே தலைமுறையில் மேலே தூக்கிவிட்ட தொழில். ஆனால் அது தேடும் ஆளும் கேம் ஸ்டூடியோ தேடும் ஆளும் ஒன்றல்ல. சேவைக் கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரே நாளில் நூறு பேரை எடுக்கிறது. அரியர் இல்லாத மார்க் ஷீட்டும் ஆப்டிட்யூட் மதிப்பெண்ணும் அதற்குப் போதும். ஸ்டூடியோ வருடத்துக்கு இரண்டு மூன்று பேரை எடுக்கும், நீ செய்து முடித்த கேமைக் காட்டு என்று கேட்கும். அந்தக் கேள்விக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் நான்கு வருடத்தைக் கடக்கும்படிதான் நம் பொறியியல் படிப்பு அமைந்திருக்கிறது.

இதைச் சற்று நெருக்கமாகப் பார்க்க வேண்டும். எட்டாவது செமஸ்டரில் புராஜெக்ட் வரும். நான்கு வருடப் படிப்பில் மாணவர் தானாக ஒன்றை உருவாக்க வேண்டிய முக்கியமான இடம் அதுதான். அந்தச் சமயத்தில் நகரில் புராஜெக்ட் சென்டர்களின் வியாபாரம் சூடுபிடிக்கும். தலைப்பு, புரோகிராம், ரிப்போர்ட், வைவாவில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் எல்லாம் ஒரே பொதியாகக் கிடைக்கும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் தங்க எழுத்து அச்சிட்ட அட்டையோடு பைண்டிங் நடக்கும். தலைப்புகளும் கேட்டுக் கேட்டுப் பழகியவையாகத்தான் இருக்கும்: வருகைப்பதிவு மென்பொருள், நூலக மேலாண்மை, முக அடையாளம் காணுதல். நானே ஒரு சின்ன கேம் செய்கிறேன் என்று சொல்லும் மாணவரிடம் இது புராஜெக்ட் ஆகாது என்று சொல்லும் வழிகாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய நூலக மேலாண்மை ஏற்கப்படும், சொந்தமாக யோசித்த கேம் ஏற்கப்படாது. இந்தத் தொழிலுக்கான கதவு நம் ஊரில் சாத்தப்படுவது இந்தத் துறை அறையில்தான் என்று நான் சொல்வேன்.

இரண்டாவது பாதை கடல் கடந்தது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-ல் வெளியிட்ட ‘வெண்பா’வை வடிவமைத்தவர் அபி. தமிழ்நாட்டிலிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர். கேமின் கதை 1988-ல் தொடங்குகிறது. வெண்பாவும் பாவலனும் கனடாவில் புதிதாகக் குடியேறிய தம்பதி. பிறகு மகன் கவின் பிறக்கிறான். அம்மாவின் சமையல் குறிப்பேடு ஒன்றுதான் வெண்பா ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்து. அது கிழிந்தும் மை பரவியும் கிடக்கிறது. விடுபட்ட படிகளை யோசித்துக் கண்டுபிடித்து ஆடுபவர் சமைக்க வேண்டும்.

முதல் சமையல் இட்லி. தட்டில் எண்ணெய் தடவி மாவை ஊற்றிவிடலாம். தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற இடத்தில்தான் குறிப்பேடு அழிந்திருக்கிறது. தோன்றியபடி அடுக்கினால் ஆவி மேலே ஏற வழியில்லாமல் இட்லி சரியாக வேகாது. குழியும் துளையும் மாறி மாறி வரும்படி அடுக்க வேண்டும். நம் வீட்டில் யாரும் இதை வாயால் சொல்லித் தந்ததில்லை, பார்த்துப் பார்த்துக் கை கற்றுக்கொண்ட விஷயம். அதை ஒரு புதிராக மாற்றியதில் இருக்கிறது அபியின் திறமை. கடிகாரம் ஓடுவதில்லை. தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம், தண்டனை இல்லை. சமையல் கேம் என்றால் நேரத்தோடு போட்டி என்ற பழைய வழக்கத்தை அவர் தூக்கிப் போட்டுவிட்டார், ஏனென்றால் இந்தக் கதையில் சமையல் என்பது நினைவுகூர்தல். பின்னால் ஒரு கட்டத்தில், தமிழ் சரளமாக வராத மகன் அதே குறிப்பேட்டைத் திறந்து தடுமாறுவான். இரண்டாம் தலைமுறையின் இழப்பை எந்த வசனமும் இல்லாமல் ஆடுபவரின் கையிலேயே உணரவைக்கும் இடம் அது. ஒரு நாவலோ சினிமாவோ கவின் தடுமாறுவதைக் காட்டும். கேமில் தடுமாறுவது நாம்.

2024-ல் ‘வெண்பா’ சுயாதீன கேம் விழாவின் முதன்மைப் பரிசான சியூமஸ் மெக்நாலி விருதைப் பெற்றது. அதே வருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேமாகவும் தேர்வானது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஒரு தமிழ்க் குடும்பக் கதை. நூறு கோடி முதலீடு தேவைப்படவில்லை. இட்லித் தட்டைத் தெரிந்த லட்சக்கணக்கான பேர் தாம்பரத்தைச் சுற்றி இருக்கிறார்கள், யூனிட்டி கேம் எஞ்சினில் வேலை செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் சூழல் டொராண்டோவில் அமைந்தது, இங்கே அமையவில்லை. சிறிய குழுக்கள் தங்கள் வேலையைக் காட்டும் கூட்டங்கள், பிழைப்புக்கு வேலை தர அருகிலேயே ஸ்டூடியோக்கள், கலைப்படைப்பாக கேமை மதித்து எழுதும் பத்திரிகைகள் என்று சூழல் என்பது மிகச் சாதாரணமான விஷயங்களால் ஆனது.

நம் சூழலில் கேம் என்ற பேச்சு எங்கே நிற்கிறது? ஆன்லைன் ரம்மியில். கடன்பட்டுக் குடும்பங்கள் சிதைந்த செய்திகளை நாம் மறக்க முடியாது. அதன் பேரில்தான் தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களை நாடு முழுவதும் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பணம் சாராத கேம்களையும் ஊக்குவிக்க வேண்டியவையாகத் தனியே பிரித்துச் சொன்னதை நம் செய்திகள் ஓரமாகத்தான் போட்டன. பப்ஜி தடையான 2020-லிருந்தே, கேம் என்றால் பிள்ளையைக் கெடுப்பது என்ற எண்ணம் வீடுகளில் உறைந்துவிட்டது. சூதாட்டத் தடையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அதே காரணத்தால், சூதாட்டத்தையும் ‘வெண்பா’வையும் ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்கிறேன். சீட்டுக்கட்டு இருக்கிறது என்பதற்காக யாரும் சதுரங்கத்தைத் தடை செய்யவில்லை. சதுரங்கத்தில் இந்தியாவுக்கே தலைநகராக இருக்கும் ஊர் இது.

இப்போது படிப்புகள் வந்துவிட்டன. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் வடிவமைப்புக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. சென்னையில் ஐகேட் போன்ற கல்லூரிகள் இளங்கலை நடத்துகின்றன. 2022 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கென்று ஒரு பணிக்குழு அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் பூர்ணிமாவின் பாதையும் அபியின் பாதையும் நமக்குச் சொல்வது, பட்டத்தைவிட முடித்துக் காட்டிய ஒரு வேலை முன்னால் வருகிறது என்பதை. இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. கோடோ என்ற கேம் எஞ்சின் இலவசம், திறந்த மூலம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். 2009-லிருந்து வருடாவருடம் நடக்கும் குளோபல் கேம் ஜாம் வழக்கமாக ஒரு வார இறுதியில், 48 மணி நேரத்தில் ஒரு கேமைச் செய்து முடிக்கச் சொல்கிறது. எந்தக் கல்லூரியும் தன் லேபைத் திறந்துவிட்டு அதற்கு ஒரு மையமாகலாம்.

ஆகவே கேட்பது இதுதான். இந்தப் பகுதிப் பொறியியல் கல்லூரிகள், இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஒரு சிறிய கேமை ஏற்றுக்கொள்ளட்டும். மூன்று நிபந்தனை போதும்: மாணவரே செய்திருக்க வேண்டும், முழுதாக முடிந்திருக்க வேண்டும், முன்பின் தெரியாத இருபது பேர் ஆடிப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். பெண்கள் ஹாஸ்டல் இருக்கும் கல்லூரி என்றால் லேப் இரவு பத்து மணி வரை அவர்களுக்கும் திறந்திருக்கட்டும். இந்தக் கல்லூரிகளில் பல தன்னாட்சி பெற்றவை, சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பாடத்திட்டம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. இதற்கு அரசாணை எதுவும் வேண்டாம், துறைத்தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்.